பால் நிக்கணும்

“…ஆடாதே, அசையாதே. தலையக் குனிஞ்சு பாக்காதே. நான் ஊத்தறத நிறுத்தி எவ்ளோ நேரமாச்சு, அதுக்கு இன்னும் தெரியல” என்றாள் பூக்காரம்மா, என் காதோரமாக, திருட்டுக்குக் காவல் நிற்பவள் மாதிரி.

அவள் கையில் சங்கு இருந்தது. சங்கில் பசும்பால். அவள் அதை ஊற்றிக்கொண்டிருந்தது குழந்தையின் வாயில் இல்லை, என் மார்பின்மேல். மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் அது காம்பு வழியே இறங்கிக் குழந்தையின் உதட்டுக்குப் போகும். அம்மாவிடம் பால் வருகிறது என்று நம்பி அது உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, வற்றிப்போன மார்பும் ‘கேட்க ஆள் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்ளும். பிள்ளையையும் ஏமாற்ற வேண்டும், மாரையும் ஏமாற்ற வேண்டும். பத்து நாளாக இந்த ஏமாற்று வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம், ஒரு தொழிற்சாலையின் பின்வாசலில், பன்றிக்குப் போகும் எச்சில் பீப்பாய்க்குப் பக்கத்தில்.

இப்போது சங்கு நின்றுவிட்டது. குழந்தையின் வாய் நிற்கவில்லை. அது உறிஞ்சுவது பாலையா, வெறும் தோலையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குனியாதே என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. குனிந்து பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் விடாமல் கத்திக் கத்தித்தான் கெடும். நான் இரண்டே சொல் சொல்லிக் கெட்டேன். அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. செகந்திராபாத் பக்கம், மௌலா அலி மலைக்குக் கீழே, ரயில் பாதையை ஒட்டி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு அறைகள். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். அடுத்ததில் அவருடைய அக்காவும் அவள் புருஷனும் மூன்று பிள்ளைகளும். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் லாரியில் கிளீனர். ஒரு வாரம் நாக்பூர், ஒரு வாரம் விஜயவாடா. அவர் வீட்டில் இருந்த நாளைவிட, ‘இன்னிக்கு வந்துடுவார்’ என்று நான் சொல்லிக்கொண்ட நாள்தான் அதிகம்.

எனக்கு அரசாங்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் வேலை. அரசாங்கத்து வேலை என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். அதில் பாதிதான் உண்மை. தொழிற்சாலை அரசாங்கத்துடையது, நான் மேஸ்திரியுடையவள். காண்ட்ராக்டில் எடுத்த பெண்கள் நாங்கள். எங்கள் பெயர் மேஸ்திரியின் நோட்டில் இருந்தது, கம்பெனியில் இல்லை. வெங்காயம் உரிப்போம், தட்டு கழுவுவோம். பத்து மணி ஆனால் நான் ஒரு அடுக்கு நிறையப் பால் காய்ச்சி, மூடிபோட்டு, குழந்தைக் காப்பகத்துக்குத் தூக்கிப்போக வேண்டும்.

ஆமாம், உள்ளேயே ஒரு காப்பகம் இருந்தது. தொட்டில் இருந்தது, மின்விசிறி இருந்தது, வெள்ளைப் புடவை கட்டிய ஆயா இருந்தாள். நிரந்தர வேலைப் பெண்களின் குழந்தைகளுக்கு அது. அவர்கள் காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை வந்து, மூலையில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது சட்டம் என்று ஆயா சொன்னாள். அந்தச் சட்டத்துக்கும் கேட் பாஸ் உண்டு போலிருக்கிறது, எங்கள் பக்கம் வரவில்லை. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பார்களே, அதை நம்பித்தான் அந்த அடுக்கைத் தூக்கிப் போனேன். தானே வளரட்டும் என்று என் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டிருந்தேன்.

மாசியில் பிறந்தாள் என் பெண். பிறந்த அன்றே நாத்தனார் என் மார்பிலிருந்து வந்த மஞ்சள் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். “அது கெட்ட பால்டி, மூணு நாள் குடுக்கக் கூடாது.” மாட்டுச் சீம்பால் என்றால் வெல்லம் போட்டுக் கிளறி, கிண்ணம் பத்தாமல் சண்டை போடுவோம். மனுஷிக்குச் சுரந்தால் அது கெட்ட பால். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. பெரியவர்கள் சொன்னால் சரி என்று இருந்தேன்.

நாற்பது நாள்தான் மேஸ்திரி வேலையைப் பிடித்துவைத்திருந்தார். நாற்பத்தோராம் நாள் நான் போகாவிட்டால் வாசலில் நிற்கிற இன்னொருத்தி போவாள். போனேன்.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. காப்பகத்துக் கதவைத் தள்ளினாலே ஏதாவது ஒரு குழந்தை அழும். யார் பெற்றதோ. என் மார்புக்கு அது தெரியாதே. அழுகைச் சத்தம் கேட்டதும் குப்பென்று இறங்கி ரவிக்கை, புடவை எல்லாம் நனைந்துவிடும். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று சொன்னவர்கள், எந்தப் பிள்ளை அழுதால் எந்தப் பிள்ளை குடிக்கும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். பழந்துணியை மடித்து வைத்துப் பார்த்தேன். அதுவும் நனைந்து, சித்திரை வெயிலில் புளித்து வாடை அடித்தது. குளியலறையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பீய்ச்சிவிடுவேன். சாக்கடையில் வெள்ளையாக ஓடும்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்தால் அங்கே வேறு சட்டம். வெயிலில் வந்தவளுடைய பால் சூட்டுப் பால், பகலெல்லாம் தேங்கிய பால் கெட்ட பால், குடித்தால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்பாள் நாத்தனார். குளித்து, ஈரத்துணி போட்டு, முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டி, மூச்சு ஆறிய பிறகுதான் குழந்தையைக் கையில் தருவாள். அதற்குள் அது புட்டிப்பால் குடித்துத் தூங்கியிருக்கும். அவள் கெட்டவள் இல்லை. தன் மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக என் பிள்ளையையும் இடுப்பில் சுமந்தவள். ஆனால் அவள் நல்லதுக்குச் சொன்னதெல்லாம் சேர்ந்து என் பாலை மண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் மேஸ்திரி பார்த்துவிட்டார். சாப்பாட்டு நேரம், வரிசையில் ஆம்பிளைகள் தட்டோடு நிற்கிறார்கள், நான் சாம்பார் வாளியோடு வருகிறேன், முன்பக்கம் முழுக்க ஈரம்.

“ஏமம்மா, இதி வண்ட இல்லு, பசுவுல கொட்டம் காது!” என்று தெலுங்கில் சத்தம் போட்டார். இது சமையல்கட்டு, மாட்டுக் கொட்டகை இல்லை என்று அர்த்தம். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வர வேண்டாம் என்றார்.

அன்றைக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது மார்பு இரண்டும் கல். கை பட்டால் உயிர் போனது. கேட்டுக்கு எதிரே, டயர் கடைச் சுவரின் நிழலில்தான் பூக்காரம்மா உட்காருவாள். நாற்பது வயது இருக்கும். அப்பா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷை பேசுவாள். ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் மல்லிகை மொட்டைக் குவித்து, வாழைநாரில் சரசரவென்று தொடுப்பாள். பெண்களுக்கு ஒரு வலி என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவளிடம்தான் கேட்பார்கள்.

நான் போன நேரம் ஷிப்ட் விட்ட நேரம். சைக்கிள் மேல் சைக்கிளாக ஆம்பிளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்து விளக்கமாகச் சொல்ல வெட்கம். சுவரோரம் ஒதுங்கி, குனிந்து, சட்டென்று சொன்னேன்:

“அக்கா, பால் நிக்கணும்.”

அவள் என் ரவிக்கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “ஹவ்” என்றாள், சரி என்று. ஒன்றும் கேட்கவில்லை. தொடுக்காத மொட்டு இரண்டு கை அள்ளி இலையில் பொட்டலம் கட்டினாள். “ரெண்டு பக்கமும் வெச்சு, துணியால இறுக்கிக் கட்டிக்கோ. வாடுனதும் மாத்து. நாளைக்கும் வா, தர்றேன். இடையில பீச்சாதே. மூணு நாள்ல சரியாயிடும்.” காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

சரியாகத்தான் ஆனது. சரியாகும்வரை குழந்தைக்குப் புட்டிப்பால்தான் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் வலி. இரண்டாம் நாள் வலி குறைந்தது. மூன்றாம் நாள் காப்பகத்துக்குள் நாலு குழந்தைகள் சேர்ந்து அழுதன, என் புடவை காய்ந்தே இருந்தது. மேஸ்திரி முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பூக்காரம்மாவிடம், “கை ராசிக்கா உனக்கு” என்று கூடச் சொன்னேன். என்ன முட்டாள்தனம்!

ஐந்தாம் நாள் சாயங்காலம் குழந்தையை மாரில் போட்டேன். நாலு தரம் உறிஞ்சியது. தலையைப் பின்னால் தள்ளி என்னைப் பார்த்தது. மறுபடி உறிஞ்சியது. அப்புறம் முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்துக் கத்தியது பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். பீய்ச்சிப் பார்த்தாள். ஒரு சொட்டு வந்தது, அதுவும் தண்ணீர் மாதிரி.

“வத்திப்போச்சுடி. சரி வுடு, டப்பாப் பால்தான் இருக்குதே” என்றாள்.

டப்பாவின்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். நான் அஞ்சாம் வகுப்புத் தமிழ், அவளுக்கு அதுவும் இல்லை. எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அந்த எழுத்துக்குள் இருந்திருக்கிறது. எங்களுக்குப் படம் மட்டும்தான் படிக்கத் தெரிந்தது. எதிர் அறைக்காரி, “டப்பா குடிக்கிற பிள்ளையா? ராஜாத்திதான் போ!” என்று திருஷ்டி கழித்தாள். எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான். ஆனால் டப்பா கடைகளில் சுலபமாகக் கிடைக்காத காலம். வந்த அன்றே தீர்ந்துவிடும். கிடைத்ததை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் புட்டிக்கு மூன்று கரண்டி. அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் ஒன்று. “கண்ணுக்கு வெள்ளையா இருந்தா அது பால்தான்” என்பாள் நாத்தனார். அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நானும் அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், டப்பா காலியாகிக்கொண்டிருந்ததே.

வைகாசியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. நிற்கும், மறுபடி வரும். அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் சின்னதாயிற்று. பூனைக்குட்டிச் சத்தம். அழாத பிள்ளையைப் பார்த்து, “சமத்து, தொந்தரவே இல்ல” என்றார்கள் அக்கம்பக்கம். தொடையில் தோல் மடிந்து தொங்கியது. உச்சிக்குழியைத் தொட்டால் விரல் நுனி இறங்கும் அளவுக்குப் பள்ளம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பள்ளத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அரை நாள் லீவு கேட்டுக் குழந்தையைச் செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா தராசில் போட்டார். ஒரு மாதத்துக்கு முன் இருந்த எடைகூட இல்லை.

“தல்லி பாலு லேதா?” என்று கேட்டார். தாய்ப்பால் இல்லையா என்று.

“லேதும்மா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து எழுதித் தருகிறேன், தண்ணீரைக் கொதிக்கவை, பாலை இப்படித் தண்ணீராக்காதே, வயிறு தாங்கவில்லை, இன்னும் பத்துப் பதினைந்து நாள் இப்படியே போனால் குழந்தையை இங்கேயே படுக்கவைக்க வேண்டிவரும், அப்புறம் என் கையில் இல்லை என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேரே பூக்காரம்மாவிடம்தான் போனேன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

“இன்னா பூ குடுத்தேக்கா நீ? எனக்குப் பால் போச்சுக்கா!”

“போகத்தானேம்மே குடுத்தேன்?”

“நான் போகணும்னா கேட்டேன்?”

“அரே! நீதானே இங்க வந்து நின்னு, பால் நிக்கணும்னே? நின்னுடுச்சு. இப்போ வந்து மொறைச்சா?”

“நிக்கணும்னா தங்கணும்க்கா! சாயங்காலம் வரைக்கும் ஒழுகாம உள்ளயே நிக்கணும், வீட்டுக்குப் போயி பிள்ளைக்குக் குடுக்கணும்!”

“மழ நின்னுச்சுன்னா இன்னா அர்த்தம்? போச்சுன்னு அர்த்தம்.”

“வயித்துல பிள்ளை நின்னுச்சுன்னா இன்னா அர்த்தம்? இருக்குதுன்னு அர்த்தம்!”

டயர் கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். பஞ்சர் ஒட்ட வந்தவன் ஒருவன், ‘என்ன சண்டை, என்ன சண்டை’ என்று ஹிந்தியில் கேட்டான். ஒரு சொல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது!

திடீரென்று பூக்காரம்மா நாரைக் கீழே போட்டாள்.

“இத்தினி வருஷமா இங்க ஒக்காந்துக்கிறேன். எத்தினி பேர் உன்ன மாதிரி வந்துக்கிறாங்க தெரியுமா? வேலைக்குப் போவணும்க்கா, சேலை நனையுதுக்கா, நிறுத்திக் குடுக்கா. அதான் கேப்பாங்க. ஒருத்தி கூட, ஒருத்தி கூடம்மே, பால் இருக்கணும்னு வந்து கேட்டதில்ல. நீ அதைக் கேக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் எழுந்து குழந்தையின் மேலிருந்த துணியை விலக்கினாள். உச்சியில் விரலை வைத்தாள். விரலை எடுக்கவே இல்லை, அப்படியே நின்றாள்.

“இன்னா சொன்னாங்க ஆஸ்பத்திரில?”

சொன்னேன்.

“நக்கோ, வேணாம். அழாதே. எங்க சின்னம்மா, பிள்ளை பெத்து ரெண்டு வருஷம் ஆனவ, செத்துப்போன நாத்தனார் பிள்ளைக்குப் பால் வரவெச்சா. நானே கண்ணால பாத்துக்கிறேன். பூச்செடி கூட அப்படித்தான், பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். பறிக்காம வுட்டா செடி ‘யாருக்கு வேணும்’னு சும்மா இருந்துடும். எறைச்ச கெணறு ஊறும்மே. ஆனா சாயங்காலம் ஒரு தரம் எறைச்சா பத்தாது. பகல்ல மூணு நாலு தரம் புள்ள வாய் படணும். நீ வெளில வர முடியுமா?”

அதுதான் முடியாது. காண்ட்ராக்ட் பெண்கள் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே. அங்கேயே நின்று யோசித்தோம். கடைசியில் எனக்குத்தான் தோன்றியது: எச்சில் வாளி.

தட்டில் மிஞ்சிய சோறு, குழம்பு, தோல் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் சேர்த்து, தினம் மூன்று தடவை பின்வாசலுக்கு வெளியே வைத்திருந்த பீப்பாயில் கொட்ட வேண்டும். பன்றி வளர்ப்பவன் வந்து எடுத்துப் போவான். நாற்றம், ஈ, கனம். யாரும் அதைத் தொட விரும்பமாட்டார்கள். ஆனால் எங்கள் வேலையில் கேட்டுக்கு வெளியே கால் வைக்கிற ஒரே வேலை அது. மறுநாள், “இனிமே எச்சில் வாளிய நான் தூக்கறேன்” என்றதும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “இன்னாடி, பீப்பாய்ல புதையல் கீதா?” என்றாள் ஒருத்தி. ஆமாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாத்தனாரிடம் சொன்னபோதுதான் பெரிய சண்டை. “பன்னித் தொட்டி பக்கத்துல குந்திக்கினு பிள்ளைக்குப் பாலா? நாலு ஆம்பிளைங்க போற எடத்துல? இல்லாத பாலுக்கு இத்தினி ஆட்டமா? உன் புருஷன் வரட்டும்” என்றாள். புருஷன் வரும்வரை காத்திருக்கப் பிள்ளையிடம் நாள் இல்லை. விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சின்னச் சொம்பையும் சங்கையும் என் பையில் திணித்தாள். “சங்க வெந்நீர்ல போட்டு எடுத்துட்டேன். பால நாலு கொதி வுட்டாச்சு. அந்தப் பூக்காரிய கைய கழுவச் சொல்லு.” அடுத்த பத்து நாளும் திட்டிக்கொண்டே சொம்பை நீட்டினாள்.

குழந்தை பகலெல்லாம் பூக்காரம்மாவிடம். ஈரச் சாக்கைத் தலைக்கு மேல் இரண்டு குச்சியில் கட்டி, அதன் கீழே தூளி மாதிரி போட்டுவிடுவாள். அந்தக் கத்திரி வெயிலில் அவ்வளவு குளிர்ச்சியான இடம் காப்பகத்தில்கூட இருந்திருக்காது. நான் வாளியோடு வெளியே வரும் நேரம் அவளுக்குத் தெரியும். வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு மதில் சுற்றிப் பின்வாசலுக்கு வருவாள். நான் வாளியைக் கவிழ்ப்பேன், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவேன், பீப்பாய்க்கும் மதிலுக்கும் நடுவில் உட்காருவேன். அவள் தன் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு சங்கைச் சாய்ப்பாள்.

முதல் நாள் குழந்தை மாரைத் தொடவே மாட்டேன் என்றது. புட்டி ரப்பருக்குப் பழகிய வாய். இரண்டாம் நாள் கடித்தது. மூன்றாம் நாள் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் வரும்: “பக்கெட்டு காளீ அயிந்தா லேதா?” வாளி காலியாயிற்றா இல்லையா. ஒரு வாளியைக் கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் கேட்கிறார். அந்தக் குரல் கேட்டாலே எனக்கு உடம்பு இறுகும். “நீ பயந்தா அது எறங்காது. மாடுகூட மெரண்டா பால அடக்கிக்கும்” என்று பூக்காரம்மா திட்டுவாள். பயப்படாதே என்று திட்டினால் பயம் போகுமா? அதிகம்தான் ஆயிற்று.

நாலாம் நாள் மேஸ்திரி நேரிலேயே வந்துவிட்டார். மதிலோரம் முந்தானைக்குப் பின்னால் நான். பூக்காரம்மா திரும்பக்கூட இல்லை, சங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கைக்கு சாப்? பச்சி கா பேட் பர்னே கூ பி துமாரா தஸ்கத் ஹோனா?” என்றாள். ஏன் சார், குழந்தை வயிறு நிறையக்கூட உங்கள் கையெழுத்து வேண்டுமா என்று. அவர் என்னைப் பார்க்காமல் பீப்பாயைப் பார்த்து, “கால் மணி நேரம். அதுக்கு மேல ஆனா வேற ஆள் வாளி தூக்கும்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் மூன்று பிள்ளைகள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கால் மணியை அவர் ஒரு நாளும் பதினாறு நிமிஷம் ஆக்கவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு. பீய்ச்சிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் விரல் நுனியில் ஒரு பொட்டு ஈரம். அது பாலா, சங்கிலிருந்து வழிந்ததா என்று நாங்கள் இரண்டு பேரும் நக்கிப் பார்த்தோம். தெரியவில்லை. அன்று குழந்தைக்கு மறுபடி இரண்டு தடவை வயிற்றோட்டம். டாக்டரம்மா சொன்ன பத்துப் பதினைந்து நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வேலை பார்த்தேன். ஒன்பதாம் நாள் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. “போதும்க்கா, உன் வியாபாரமும் கெடுது” என்றேன். “என் வியாபாரத்த நான் பாத்துக்கிறேன், நீ கெணத்தப் பாரு” என்றாள்.

பத்தாம் நாள், மத்தியான வாளி. அன்றைக்குத்தான் அவள் என்னிடம் சொல்லாமலே சங்கை நிமிர்த்திவிட்டாள்.

குனியாதே என்றாள். நான் எதிரே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமென்ட் பெயர்ந்த ஒரு இடம், அதில் ஒரு எறும்பு வரிசை. காதை மட்டும் கீழே விட்டிருந்தேன். சும்மா உறிஞ்சினால் சத்தம் வேறு, விழுங்கினால் சத்தம் வேறு. பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும். உறிஞ்சல், உறிஞ்சல், உறிஞ்சல். ஒன்றும் இல்லை. மறுபடி உறிஞ்சல். இப்போது தலையைப் பின்னால் தள்ளும், கத்தும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முதுகுப் பக்கமிருந்து நெஞ்சுக்கு, நூறு ஊசி ஒன்றாகக் குத்தியது மாதிரி சுருக்கென்று ஒன்று ஓடியது.

‘க்ளுக்.’

இன்னொரு ‘க்ளுக்.’ அப்புறம் ஒன்று, இன்னும் ஒன்று, அவசர அவசரமாக. குழந்தையின் கை ஒன்று மேலே வந்து என் ரவிக்கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

“பக்கெட்டு காளீ அயிந்தா லேதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் துள்ளப் பார்த்தேன். பூக்காரம்மா என் தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். மறு கையால் முந்தானை நுனியை எடுத்து, மார்பின்மேல் பசும்பால் வழிந்திருந்த தடத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தாள், ஈரமே இல்லாமல். குழந்தையின் வாயோரத்தையும் துடைத்தாள். காத்திருந்தாள். துடைத்த வாயோரத்தில் வெள்ளையாக ஒன்று மெல்லத் திரண்டு, உருண்டு, கன்னத்தில் இறங்கியது.

பூக்காரம்மா சங்கில் மிச்சமிருந்த பாலை அண்ணாந்து தன் வாயில் ஊற்றி ஒரே மடக்காகக் குடித்தாள், சங்கை உதறி இடுப்பில் செருகினாள், “வாளி இன்னும் காலியாவல!” என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினாள்.